பெட்ரோல் மூடிக்குள் ஒரு எண்

போன மே மாதம் மச்சான் குடும்பத்தோடு வால்பாறைக்குக் கிளம்பினோம். அவர் புதிதாக ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். டர்போ இன்ஜின் வைத்த ஐரோப்பிய வண்டி. பொள்ளாச்சியில் ஒரு பங்க்கில் நிறுத்தினோம். "எதுங்கண்ணா போடட்டும், நார்மலுங்களா, பிரீமியமுங்களா?" என்று பையன் கேட்டான். மச்சான் போனில் பேசிக்கொண்டே "ரெண்டாயிரத்துக்கு நார்மல்" என்று கையைக் காட்டிவிட்டார்.

ஆழியாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்ததும் வண்டிக்கு மூச்சு வாங்கியது. உள்ளே ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான், ஏசி முழு வேகத்தில். கியரைக் குறைக்காமல் ஆக்சிலரேட்டரை மட்டும் அமுக்கினார். தகர டப்பாவில் புளியங்கொட்டை குலுங்குகிற மாதிரி ஒரு சத்தம் இரண்டு விநாடி வந்து அடங்கியது. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட்டில் ஓரங்கட்டி, பெட்ரோல் மூடியைத் திறந்து பார்த்தோம். உள்பக்க ஸ்டிக்கரில் கொட்டை எழுத்தில் 95.

"இன்ஜின் போயிருச்சா மாப்ள? சைலன்சரும் சேந்து போயிருமா?"

இரண்டும் போகவில்லை. 95க்குக் கீழே பொடி எழுத்தில் 'குறைந்தபட்சம் 91' என்றும் இருந்தது. மிச்சமிருந்த முப்பத்தோரு வளைவுகளில் அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த எண் என்னவென்று பார்த்துவிடலாம். ஆக்டேனைப் பெட்ரோலின் பலம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது பெட்ரோலின் பொறுமைக்குப் போடும் மதிப்பெண். சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த புகையை பிஸ்டன் மேலே வந்து நசுக்குகிறது. நசுங்க நசுங்கச் சூடேறுகிறது. பிளக் பொறி வைத்ததும் தீ ஒரு மூலையிலிருந்து கிளம்பி, காய்ந்த புல்லில் பரவுகிற மாதிரி, சீராக மறுபக்கம் போய்ச் சேர வேண்டும். தீ வந்து சேருமுன் மறுபக்கத்துப் புகை தானாகவே குபீரென்று பற்றிக்கொண்டால் அழுத்த அலைகள் சிலிண்டர் சுவரில் மோதும். புளியங்கொட்டைச் சத்தம் அதுதான். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பார்கள், பழையவர்கள் 'பிங்கிங்' என்பார்கள்.

எளிதில் தானாகப் பற்றிக்கொள்ளும் ஹெப்டேனுக்கு 0, நன்றாகத் தாக்குப்பிடிக்கும் ஐசோ ஆக்டேனுக்கு 100 என்று வைத்து அளக்கிற முறை 1920களில் அமெரிக்காவில் வந்தது. நம் ஊரில் பிஎஸ்-6 விதி வந்தபோது சாதாரண பெட்ரோல் 91க்குக் குறையக் கூடாது, பிரீமியம் 95க்குக் குறையக் கூடாது என்று வைத்தார்கள். எக்ஸ்பி100, பவர் 99, ஸ்பீட் 97 என்று அதற்கு மேலும் விற்கிறார்கள். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் 91ஐவிட 100இல் அதிக சக்தி ஒன்றும் அடைத்து வைக்கப்படவில்லை.

செய்ய வேண்டியவை

• மூடியைத் திறந்து பாருங்கள். பெட்ரோல் மூடியின் உள்பக்க ஸ்டிக்கர், இல்லாவிட்டால் வண்டியோடு வந்த கையேடு. மற்ற யார் பேச்சும் இதற்குப் பிறகுதான், இந்தக் கட்டுரையும்தான். ஸ்டிக்கரில் இரண்டு வகை வார்த்தை இருக்கும். 'பரிந்துரை' என்று இருந்தால் அந்த எண்ணில் வண்டி முழுத் திறனோடு ஓடும், அதற்குக் கீழே போட்டால் கொஞ்சம் மந்தமாகும், மைலேஜ் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். 'கட்டாயம்' அல்லது 'குறைந்தபட்சம்' என்று இருந்தால் அதுதான் லட்சுமணன் கோடு. மச்சான் தாண்டியது முதல் வகைக் கோட்டைத்தான், அதனால் தப்பித்தார்.

நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான சின்னக் கார்களும் கிட்டத்தட்ட எல்லா ஸ்கூட்டர், நூறு சிசி பைக்குகளும் 91ஐ மனதில் வைத்தே செய்யப்பட்டவை. அந்த வண்டிக்காரர்கள் இந்தப் பத்தியோடு நிறுத்திவிட்டு நிம்மதியாக நார்மலே போடலாம்.

• எந்த ஊர் எண் என்று பாருங்கள். அமெரிக்காவில் இருக்கும் மருமகன் "இங்க 87தான் போடறோம், உங்க ஊரு 91 ரொம்ப உசத்தி" என்று சொன்னால் நம்பிவிட வேண்டாம். அங்கே இரண்டு விதச் சோதனைகளின் சராசரியைப் பங்க்கில் எழுதுகிறார்கள். நாம் எழுதுவது அதில் ஒன்றான ஆர்.ஓ.என். மட்டும். அங்கத்திய 87 நம் கணக்கில் ஏறக்குறைய 91, அங்கத்திய 93 ஏறக்குறைய 98. யூடியூபில் ஓர் அமெரிக்கர் "93 போடுங்கள்" என்றால் அது நம் 95க்கும் மேலே. ஒரே இன்ஜினையே நாட்டுக்கு நாடு மாற்றிச் செய்வதும் உண்டு: மஸ்டா தன் ஸ்கைஆக்டிவ் பெட்ரோல் இன்ஜினை ஐரோப்பாவின் 95க்கு 14:1 என்ற அழுத்த விகிதத்திலும் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நசுக்குகிறது என்ற கணக்கு), அமெரிக்காவின் 87க்கு 13:1இலும் விற்றது.

• காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். நாக்கிங் சும்மா நிற்கும்போது வராது. மேடு, வெயில், பாரம், மேல் கியர், காலடியில் அமுங்கிய ஆக்சிலரேட்டர், இவை எல்லாம் ஒன்றுசேரும்போதுதான் வரும். காலைத் தளர்த்தியதும் சத்தம் நின்றால் அது பெரும்பாலும் நாக்கிங். நியூட்ரலில் நிற்கும்போதும் 'டக டக' என்றால் டாப்பெட்டைப் பாருங்கள். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் அடியிலிருந்து தகரம் அதிர்ந்தால், சைலன்சர் மேல் இருக்கும் வெப்பத் தகடு கழன்றிருக்கும். ஒரு போல்ட் இறுக்கினால் தீர்கிற அந்தச் சத்தத்துக்காக ஆறு மாதம் பிரீமியம் போட்டு ஓட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். அவர் என் பக்கத்து வீட்டுக்காரர் என்பதால் மேலே சொல்லவில்லை.

• நாக் சென்சர் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இன்றைய கார்களில் இன்ஜின் பிளாக்கில் மோதிரம் மாதிரி ஒரு சென்சரை போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். நாக்கிங் அதிர்வு அதற்குப் புரியும். அது சொன்னதும் கம்ப்யூட்டர் பிளக் பொறியைக் கொஞ்சம் தாமதமாக வைக்கச் சொல்லும். சத்தம் அடங்கிவிடும், பதிலுக்கு இழுவை குறையும். வால்பாறை மலையில் இரண்டு விநாடியில் சத்தம் அடங்கியது இந்தச் சென்சர் செய்த வேலை. ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. 95 கட்டாயம் என்று சொல்லும் டர்போவில் 91ஐப் போட்டு, முழுப் பாரத்தோடு நாள் முழுக்க விரட்டினால் சென்சர் பின்வாங்கிக்கொண்டே போய் ஓரிடத்தில் தோற்கும்.

அப்படித் தோற்ற ஒரு பிஸ்டனைக் கோயம்புத்தூரில் ஒரு மெக்கானிக் என் கையில் கொடுத்தார். மேல்விளிம்பு முழுக்கப் பொரிப்பொரியாக அரித்திருந்தது, உப்புக் கரித்த பழைய வீட்டுச் சுவர் மாதிரி. விரலை வைத்தால் சொரசொரப்பு. ரிங் உட்காரும் பள்ளத்தின் உதடு ஒரு பக்கம் உடைந்தே போயிருந்தது. "ஒரே நாள்ல வந்ததில்லீங்க, இது பல நாள் கேட்காம விட்ட சத்தம்" என்றார்.

• மேட்டில் கியரைக் குறையுங்கள். இன்ஜின் திணறும்படி மேல் கியரில் இழுப்பதுதான் நாக்கிங்குக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது. சின்ன டர்போ இன்ஜின்களில் குறைந்த சுற்றில் முழு அழுத்தம் கொடுத்தால், பொறி வைக்கும் முன்பே தீ பற்றிக்கொள்கிற வேறொரு ஆபத்தும் உண்டு. ஒரே அடியில் பிஸ்டனை உடைக்கக்கூடியது அது. கொல்லிமலையின் எழுபது வளைவுகளானாலும் சரி, இரண்டாவது கியரில் இன்ஜின் கொஞ்சம் சத்தமாகச் சுற்றினால் கெட்டுப்போகாது. ஒரு வேடிக்கை, மலை உச்சிக்குப் போகப் போகக் காற்று மெலிந்து டர்போ இல்லாத இன்ஜினுக்கு ஆக்டேன் தேவையே குறைந்துவிடும். ஊட்டிக்குப் போகும் வழியில்தான் கஷ்டம், ஊட்டியில் இல்லை.

• தவறிப்போய் குறைந்த ஆக்டேன் போட்டுவிட்டால் நிதானமாக ஓட்டுங்கள். டேங்க்கைக் கழற்றிக் காலி செய்ய வேண்டியதில்லை. ஆக்சிலரேட்டரை அமுக்காமல், பாதி டேங்க் ஆனதும் மேலே 97, 99 கிடைத்தால் ஊற்றிக்கொள்ளுங்கள். சம அளவில் 91ம் 99ம் கலந்தால் ஏறக்குறைய 95 ஆகிவிடும். டீசலை மாற்றி ஊற்றிவிட்டால் மட்டும் இந்த நிதானமெல்லாம் கிடையாது: சாவியைத் தொடாதீர்கள், வண்டியைத் தள்ளி ஓரமாக நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

• ஆக்டேனைக் குறை சொல்லுமுன் ரேடியேட்டரைப் பாருங்கள். கூலன்ட் குறைந்து இன்ஜின் சூடானால், தவறான வெப்ப அளவுள்ள பிளக் போட்டிருந்தால், பிஸ்டன் தலையில் கரி படிந்திருந்தால், நேற்று வரை 91இல் அமைதியாக ஓடிய வண்டி இன்று நாக் செய்யும். அதற்கு 95 போட்டு ஓட்டுவது காய்ச்சலுக்குப் போர்வை போர்த்துவதுதான்.

• சந்தேகம் வந்தால் பங்க்கில் ஃபில்டர் பேப்பர் கேளுங்கள். தரவேண்டியது அவர்கள் கடமை. கன் முனையைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விடுங்கள். ஓரிரு நிமிடத்தில் கறையில்லாமல் ஆவியாகிவிட வேண்டும். எண்ணெய்ப் பசையாகத் திட்டு நின்றால் கலப்படம் என்று சந்தேகிக்கலாம். மண்ணெண்ணெயின் ஆக்டேன் படுபாதாளம். கொஞ்சம் கலந்தாலே 91 என்று எழுதியிருக்கும் பெட்ரோல் 91 ஆக இருக்காது. உண்மையான 'குறைந்த ஆக்டேன்' ஆபத்து நம் நாட்டில் இந்த வழியாகத்தான் அதிகம் வருகிறது என்பது என் எண்ணம்.

• பழைய அம்பாசடர், பத்மினி, கார்புரேட்டர் மாருதி வைத்திருப்பவர்கள் பொறி வைக்கும் நேரத்தை, அதாவது டைமிங்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்த வண்டிகளில் சென்சர் கிடையாது, காதுதான் சென்சர். டிஸ்ட்ரிப்யூட்டரை இம்மியளவு திருப்பினால் நாக்கிங் போய்விடும். அழுத்த விகிதம் குறைவான அந்தக் கால இன்ஜின்களுக்கு இன்றைய 91 தாராளம். பழைய வார்ப்பிரும்பு புல்லட் 350இன் விகிதமும் குறைவுதான்.

செய்யக்கூடாதவை

• 91 கேட்கிற வண்டிக்கு 100 வாங்கிக் கொடுக்காதீர்கள். சாதாரண பெட்ரோலைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல் விலை. நாக் செய்யாத இன்ஜினுக்கு நாக்கிங் மருந்து எதற்கு? அமெரிக்காவின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2016இல் சோதித்துப் பார்த்தது: சாதாரண பெட்ரோலுக்கான கார்களில் பிரீமியம் போட்டதால் இழுவையோ மைலேஜோ குறிப்பிடும்படி கூடவில்லை, புகையும் குறையவில்லை. ஓராண்டில் அமெரிக்கர்கள் இப்படி 210 கோடி டாலரை வீணடித்ததாகவும் கணக்குச் சொன்னது. "மாதம் ஒருமுறை பிரீமியம் போட்டால் இன்ஜின் சுத்தமாகும்" என்பார்கள். சுத்தம் செய்வது அதில் கலக்கும் வேறொரு ரசாயனம். அதற்கும் ஆக்டேன் எண்ணுக்கும் சம்பந்தமில்லை.

• அதேபோல், 95 கட்டாயம் என்று எழுதிய வண்டியில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். நார்மலுக்கும் 95க்கும் லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய்தான் வித்தியாசம். நாற்பது லிட்டருக்கு முந்நூறு ரூபாய் சொச்சம். அந்த வண்டியின் பிஸ்டன் வேலைக்கு ஆகும் பில்லை நான் சொல்லத் தேவையில்லை. போதாததற்கு டைமிங் பின்வாங்கும்போது மைலேஜும் குறைவதால் மிச்சம் பிடித்ததில் பாதி அங்கேயே போய்விடும்.

• அழுத்த விகிதத்தை மட்டும் பார்த்து முடிவுகட்டாதீர்கள். "10:1க்கு மேல் இருந்தால் பிரீமியம்" என்பது கார்புரேட்டர் காலத்து வேதம். மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸின் விகிதம் 13:1, அது குடிப்பது சாதாரண பெட்ரோல்தான். வால்வு மூடும் நேரத்தை மாற்றி அதைச் சமாளிக்கிறார்கள். இலங்கையில் 92, 95 என்று இரண்டு பெட்ரோல் விற்கிறார்கள். அங்கே ஓடும் ஜப்பானிய ஹைபிரிட் கார்களைப் பற்றி இதே சண்டை உண்டு. ஜப்பானில் சாதாரண பெட்ரோலின் தரம் 89இல் தொடங்குகிறது. அங்கே 'ரெகுலர்' போதும் என்று செய்த காருக்கு யாழ்ப்பாணத்தில் 92 போதாது என்று சொல்ல முகாந்திரம் இல்லை.

• டேங்க்கில் அந்துருண்டை போடாதீர்கள். சிரிக்க வேண்டாம், எண்பது, தொண்ணூறுகளில் பைக் வைத்திருந்த பலர் போட்டிருக்கிறோம். நாஃப்தலீன் ஆக்டேனைக் கூட்டும் என்பதில் துளி உண்மை உண்டு. ஆனால் குளிரில் அது மறுபடி படிகமாகி ஜெட்டையும் இன்ஜெக்டரையும் அடைக்கும். தின்னர் ஊற்றுவதும் இதே கதைதான், ரப்பர் குழாய்கள் முதலில் சாகும். கடையில் விற்கும் 'ஆக்டேன் பூஸ்டர்' பாட்டிலில் "5 பாயின்ட் கூடும்" என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பத்துப் பாயின்ட் சேர்ந்தால்தான் ஒரு ஆக்டேன். 91 ஆனது 91.5 ஆகும். மாங்கனீசு, இரும்பு கலந்த பூஸ்டர்கள் பிளக்கில் செந்நிறமாகப் படிந்து, நாளடைவில் ஆக்சிஜன் சென்சரையும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும். எதைக் காப்பாற்ற வாங்கினோமோ அதையே தின்னும்.

• சைலன்சர் கெட்டதற்கெல்லாம் ஆக்டேனைத் திட்டாதீர்கள். மச்சானின் இரண்டாவது கேள்விக்குப் பதில் இது. டைமிங் பின்வாங்கும்போது எரிதல் தாமதமாக முடிவதால் புகை கொஞ்சம் கூடுதல் சூட்டோடு வெளியேறும். அந்தச் சூட்டைத் தாங்கும்படிதான் சைலன்சருக்கு முன்னால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் செய்திருக்கிறார்கள். கட்டாயம் என்ற கோட்டைத் தாண்டித் தொடர்ந்து விரட்டினால்தான் கவலை. கன்வெர்ட்டரை உண்மையில் கொல்வது எரியாமல் தப்பி வரும் பெட்ரோல். பிளக்கோ காயிலோ கெட்டு ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கும்போது, அந்தப் பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய பொருள், விலை அதற்கேற்ப. இன்ஜினில் எரியும் எண்ணெயும் அதற்கு விஷம். ஈயமும் விஷம்தான், ஆனால் ஈயம் கலந்த பெட்ரோலை இந்தியா 2000ஆம் ஆண்டு பிப்ரவரியிலேயே நிறுத்திவிட்டது.

சைலன்சர் துருப்பிடிப்பதற்குக் காரணம் ஆக்டேன் இல்லை, தெருமுனைக் கடைக்கு மட்டும் வண்டி எடுப்பது. இன்ஜின் சூடாகும் முன் அணைத்துவிடுவதால் புகையிலிருக்கும் நீராவி குழாய்க்குள்ளேயே தண்ணீராகத் தேங்கி அரிக்கிறது.

• மின்னுகிற இன்ஜின் விளக்கை அலட்சியம் செய்யாதீர்கள். மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் இந்த வாரம் காட்டலாம். விட்டுவிட்டு மின்னினால் சிலிண்டர் மிஸ் அடிக்கிறது, கன்வெர்ட்டர் வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். காலைத் தளர்த்தி, பத்திரமான இடத்தில் ஓரங்கட்டுங்கள்.

• எத்தனாலையும் ஆக்டேனையும் போட்டுக் குழப்பாதீர்கள். இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகு "பெட்ரோல் தரம் குறைந்துவிட்டது, ஆக்டேன் போய்விட்டது" என்று டீக்கடையில் பேசுகிறார்கள். எத்தனாலின் ஆக்டேன் 108ஐ ஒட்டியது. அது ஆக்டேனைக் கூட்டத்தான் செய்யும். இ20 மேல் இருக்கும் நியாயமான புகார்கள் வேறு. லிட்டருக்குள் இருக்கும் சக்தி குறைவதால் மைலேஜ் குறைகிறது. அதற்கென்று செய்யப்படாத பழைய வண்டிகளில் ரப்பர் வாஷர், குழாய்கள் பாதிக்கப்படலாம். தண்ணீரை ஈர்க்கும் குணம் இருப்பதால் மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டிக்கு நல்லதில்லை. இந்தப் புகார்களுக்கு 'இ20க்கு ஏற்றதா' என்று கையேட்டில் பார்ப்பதுதான் வழி.

• வண்டியை வேறொருவர் கையில் கொடுக்கும்போது எண்ணைச் சொல்லாமல் கொடுக்காதீர்கள். டிரைவர், கல்லூரி போகும் மகன், கல்யாணத்துக்கு இரவல் கேட்கும் சித்தப்பா, யாரானாலும் பங்க்கில் அவர்கள் வாயில் முதலில் வருவது "நார்மல்" என்ற வார்த்தைதான். மச்சான் இப்போது அந்த மூடியின் வெளியிலேயே வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, மார்க்கரில் '95 மட்டும்' என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறார். காரின் அழகு கெட்டுவிட்டது என்று என் தங்கைமுறை ஆகும் அவர் மனைவிக்கு வருத்தம். அந்த வண்டி பிறகு இரண்டு முறை வால்பாறை போய் வந்துவிட்டது. புளியங்கொட்டைச் சத்தம் திரும்பக் கேட்கவில்லை.